கழுவாமல் பார்த்த கல்

அக்கா அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, மூக்குத்திக் கல்லில் வெயில் நேராக விழும்படி திருப்பினேன். என் இன்னொரு கையில் லூப்பு இருந்தது. வைரம் பார்க்கிறவர்கள் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பூதக்கண்ணாடி அது. எதையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

பாயில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆறு பேர். நடுவில் பூத்தட்டு. வெளியே காயப்போட்டிருந்த நெத்திலியின் வாடை மல்லிகையின் வாசனையை அமுக்கிக்கொண்டிருந்தது.

“மூச்ச புடிச்சிக்கோக்கா. கண்ணாடில ஆவி அடிக்குது.”

“சீக்கிரம் பாருடீ, கழுத்து நோவுது. கல்ல பாக்குறியா, எம் மூள வரைக்கும் பாக்குறியா?”

“கலெக்டரம்மா கல்லு பாக்குறாங்கோ, எல்லாரும் கம்முனு இருங்கடீ” என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி. பாய் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது அதைவிடப் பிடித்திருந்தது. வைரக் கம்பெனி வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுத வேண்டும். சில வாரங்களாக இந்தத் தொடரில் அதைத் தள்ளிப்போட்டு, பொன்னேரிக் கல்லூரியையும் ரயிலையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ‘உங்கள் அக்காவைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்வதில்லை?’ என்று வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு இதுதான் பதில்.

மழை வருமாடீ?

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். நைனாவுக்குக் கட்டைவிரல் ரேகைதான் கையெழுத்து. அக்கா கஸ்தூரி என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

நான் அஞ்சாவது படிக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். மறுவாரமே அம்மாவின் மீன்கூடை அக்காவின் தலைக்கு ஏறியது. விடிகாலையில் ஓடம் பிடித்து ஏரியைத் தாண்டி, பழவேற்காடு பஜாருக்குப் போவாள். திரும்பி வந்து கருவாட்டுக்கு உப்புப் போடுவாள். எனக்குத் தலை வாரிவிட்டு இஸ்கோலுக்கு அனுப்புவாள். அவள் சடை பின்னிவிட்ட என் தலையில் எப்போதும் மத்தி எண்ணெயின் வாடை லேசாக இருக்கும். வகுப்பில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அதனாலேயே நான் முதல் மார்க் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

எழுத்து என்றால் அக்காவுக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, சர்க்கார் நோட்டீஸ் எதுவானாலும் என்னிடம்தான் வரும். அது போகட்டும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்போது மழை இறங்கும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவள் அவள். நான் எட்டாவது போனதும் அதையும் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள்.

“மழை வருமாடீ? நெத்திலிய வாரட்டுமா, கெடக்கட்டுமா?”

“வராதுக்கா. ரேடியோல சொல்லல.”

ஒருமுறை அப்படி நான் சொல்லி, காய்ந்துகொண்டிருந்த நெத்திலி முழுக்க நனைந்து நாறிப்போனது. அக்கா என்னைத் திட்டவில்லை. “ரேடியோக்காரன் தப்பா சொல்லிட்டான்” என்று ஊரிடம் சொன்னாள்.

அந்த நெத்திலியை நான் அப்போதே ஞாபகம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அம்மாவின் கல்

பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றின் பெரிய வீட்டுக்கு அம்மா தினமும் மீன் கொடுப்பாள். அந்த வீட்டம்மாவை எல்லாரும் பீவியம்மா என்பார்கள். பிரசவத்தில் அவர் மகள் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்த நாட்களில், அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள். மகள் பிழைத்தாள். பீவியம்மா தன் மூக்குத்தியைக் கழற்றி அம்மா கையில் வைத்து மூடினாராம். ஒற்றைக்கல். வரகரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. வெளிச்சம் போய்வர அடியில் சின்னத் திறப்பு விட்டுக் கட்டியது.

காய்ச்சல் முற்றிய நாளில் அம்மா அதைத் தானே கழற்றி அக்காவுக்குப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அது அக்காவின் மூக்கைவிட்டு இறங்கவே இல்லை. எங்கள் வீட்டில் தங்கம் என்று சொல்ல அது ஒன்றுதான்.

அக்காவுக்கு இருபத்தெட்டு வயதானபோது தேசப்பன் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். ஆரம்பாக்கம் பக்கத்தில் ஏரிக்கரை ஊர். இறாலுக்கு வலை போடுகிறவர். பஜாரில் இரண்டு வருஷமாக அக்காவின் கூடையை இறக்கக் கைகொடுத்தவர் அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்கா கொஞ்ச நாளாகப் பஜாருக்குப் போகும்போது பூ வைத்துக்கொண்டு போனாள். எனக்குப் பரீட்சை இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

அவருடைய அம்மா எல்லம்மா, மூத்த மகனைக் கடலில் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஒரே பிள்ளையைக் கடல் பக்கமே விடாமல் ஏரிக்குள் வைத்திருந்தார். பூ வைக்க வந்த அன்று அவர்தான் ஆசையாகக் கேட்டார்.

“பொண்ணு மூக்குல போட்டுகீறது வைரம்னு சொல்றாங்களே. நீ வைரக் கம்பெனில வேல செய்யிறியாமே. நீ பாத்து சொல்லும்மா, நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்.”

வீட்டில் வைத்துப் பழகுவதற்காகக் கம்பெனியில் கொடுத்திருந்த லூப்பை நான் பையிலிருந்து எடுத்தேன்.

ஆறு புள்ளி

கல்லுக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கண்ணை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஒன்று இல்லை. எண்ணினேன். ஆறு.

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு அப்போது தெரியாது.

“வைரம்தான். ஆனா கரும்புள்ளி இருக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆறு. எங்க கம்பெனில இத கடைசித் தரத்துல வைப்பாங்க.”

சிரிப்பு நின்றது. எல்லம்மாவின் கை பூத்தட்டின் விளிம்பில் இருந்தது. அந்தக் கை மெல்லப் பின்னால் போனதைப் பார்த்தேன். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை.

புள்ளி விழுந்த வைரம் போட்டவளின் புருஷனைத் தண்ணீர் கொண்டுபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் தெரிந்ததுதான். படித்தவள் என்பதால் மறந்திருந்தேன்.

செல்விதான் முதலில் பேசினாள். “அட, கல்ல கழட்டிப் போட்டா போச்சு. இதுக்குப் போயி...”

“இல்லம்மா.” எல்லம்மாவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. “இத்தினி வருசம் மூஞ்சில போட்டுகினு இருந்த பொண்ணு. இவ அம்மா போனதும் இந்தக் கல்ல போட்டுகினுதானே? என் மூத்தவன கடலு எடுத்துகிச்சி. இருக்கறது ஒருத்தன். என்னால முடியாதுண்ணே, கோச்சிக்காத.” கடைசி வார்த்தைகள் நைனாவுக்கு.

பூவை வைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். ஓடத்துறை வரை நைனா பின்னாலேயே போனார். அக்கா அண்ணாந்த கழுத்தை எப்போது இறக்கினாள் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலையில் நான் வேலையிடத்து விடுதிக்குக் கிளம்பும்போது, ஒரு துணி முடிச்சை என் பையில் திணித்தாள். மூக்கு வெறுமையாக இருந்தது.

“எனக்கு வோணாம். நீயே வச்சிக்கோ. அம்மாவ நெனச்சா ஒரு மாதிரி கீது.”

கல்லை எப்படிப் பார்ப்பது

வைரத்தின் சுத்தத்தை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேறு இடமாக இருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

மண்ணுக்கு அடியில் உருவாகும்போதே வைரத்துக்குள் ஏதாவது சிக்கிக்கொள்ளும். ஊசிமுனைப் புள்ளி, இறகு போல ஒரு விரிசல், மேகம் போல ஒரு மங்கல், கரித்துணுக்கு. பத்து மடங்கு கண்ணாடியில் எதுவுமே தெரியாத கல் அபூர்வம். அதுதான் முதல் தரம். பழகிய கண்ணுக்கும் தேடித்தேடித்தான் கிடைக்கும் என்றால் வி.வி.எஸ். கொஞ்சம் முயன்றால் தெரியும் என்றால் வி.எஸ். பார்த்ததும் தெரிந்தால் எஸ்.ஐ. கண்ணாடி இல்லாமலே வெறும் கண்ணுக்குத் தெரிவது கடைசித் தரம்.

குறை எவ்வளவு பெரியது, எத்தனை, என்ன நிறம் என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஓரத்தில் இருப்பதை மன்னிப்பார்கள். நடுவில் இருப்பதை மன்னிப்பதில்லை. கல்லின் அடியில் ஒரு புள்ளி இருந்தால், பட்டைகள் அதைக் கண்ணாடி போலத் திருப்பித் திருப்பிக் காட்டும். ஒன்று ஆறாகும்.

எங்கள் சூப்பர்வைசர் லலிதா என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். பம்பாயில் பழகி வந்தவள், பொறுமை என்பதே கிடையாது. ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, நான் ஒரு கல்லைக் கடைசித் தரத் தட்டில் போட்டதைப் பார்த்துவிட்டாள்.

“ஏன் இங்க போட்ட?”

“கரும்புள்ளி.”

அவள் அந்தக் கல்லை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து என் முன்னால் வைத்தாள். “இப்ப எங்க உன் கரும்புள்ளி?”

இல்லை.

“வைரத்துல தண்ணி ஒட்டாது. எண்ணெய் ஒட்டும். நீ விரலால தொட்டா போதும், அந்தப் பிசுக்குல தூசி ஏறிடும். கழுவாம எந்தக் கல்லையும் பார்த்துச் சொல்லாத. நகையில கட்டின கல்லுன்னா பத்துத் தரம் கழுவு. முதல் வாரமே சொன்னேனா இல்லியா?”

சொல்லியிருந்தாள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

விடுதிக்கு வந்து துணி முடிச்சை அவிழ்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கல்லைப் பார்த்தேன். ஆறு புள்ளியும் இல்லை. ஒன்றுகூட இல்லை. முதலில் வேறு கல்லோ என்று நினைத்தேன். பிறகு, துணியில் உரசி அழுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெகுநேரம் தேடிய பிறகு, ஓரத்தில் ஒரு ஊசிமுனை கிடைத்தது. வி.வி.எஸ். தரம். எங்கள் கம்பெனியில் தினமும் பார்க்கிற நூற்றுக்கணக்கான கல்லைவிட நல்ல கல்.

இத்தனை வருஷம் மத்தி எண்ணெயும் உப்பும் பட்ட கைகளால் அக்கா முகம் துடைத்திருக்கிறாள். அடியிலிருந்த அந்தத் திறப்பில் எண்ணெய் சேர்ந்து, அதில் அழுக்கு சேர்ந்து கறுத்திருக்கிறது. நான் பார்த்தது அவள் உழைப்பின் அழுக்கை. அந்த உழைப்பில்தான் நான் லூப்பு பிடிக்கும் இடத்துக்கு வந்திருந்தேன்.

பொன்னேரி ஸ்டேஷனில்

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகப் பொன்னேரியில் இறங்கினேன். பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் தேசப்பன் நின்றிருந்தார். துவைத்த சட்டை. எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

“வசந்தா, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காத. அந்தக் கல்ல இன்னொரு வாட்டி பாத்து சொல்லேன். எங்கம்மா இப்போ கொஞ்சம் எறங்கி வந்துகீது. படிச்ச பொண்ணு நல்லாக்குதுனு சொன்னா சரிங்குது.”

கல் என் பையில்தான் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம்.

ஒரு வார்த்தை போதும். “மாமா, நான் தப்பாப் பாத்துட்டேன்.” நாக்கு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அப்போது குப்பத்தில் ஏழு பெண்பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ‘வசந்தா மாதிரி வரணும்’ என்றுதான் அனுப்பினார்கள். என் வார்த்தை பொய் என்றால் அவர்கள் படிப்பும் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. ஓடத்துறையில் செல்வி சிரிப்பாளே, கலெக்டரம்மா அழுக்கைப் பார்த்துப் புள்ளி என்றாளே என்று ஊர் சிரிக்குமே என்பதுதான்.

“இன்னும் பாக்கல” என்றேன். “அடுத்த சனிக்கிழமை பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அவர் தலையாட்டினார். போகும்போது, “கஸ்தூரி சாப்புடுதா?” என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் ரயில் ஏறவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் ஏறவில்லை. இரண்டு வாரமும் அவர் வந்து நின்றதாக ஸ்டேஷன் டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். “ஒவ்வொரு வண்டியும் பாப்பாரும்மா. ஆறு மணி வண்டி போனதும் டீ குடிச்சிட்டு சைக்கிள எடுப்பாரு.”

தை பிறந்ததும் அவருக்குச் சூளூர்ப்பேட்டைப் பக்கம் பெண் எடுத்தார்கள். பஜாரில் அந்தச் செய்தி கேட்ட அன்று அக்கா மீனை விற்காமல் திரும்பிவிட்டாள் என்று நைனா சொன்னார். அவ்வளவு மீனையும் அன்றே உப்புப் போட்டாளாம்.

அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளை அவள் வேண்டாம் என்றாள். பிறகு யாரும் வரவில்லை.

நெத்திலி புரட்டும்போது

நான்கு வருஷம் கழித்துச் சொன்னேன். போன மாசிதான். இடையில் குப்பத்துக்கு ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. என்னைக் கம்பெனியில் தரம் பிரிப்பவர்களுக்குத் தலைமையாகப் போட்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு, கழுவாமல் பார்க்காதே என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பல் கூசும்.

காலை வெயிலில் அக்கா மணலில் நெத்திலி புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுக்கை, கல் சுத்தமாக இருந்ததை, வேப்பமரத்தடியில் நின்றவரை, நான் சொன்ன பொய்யை, ஏறாத ரயிலை.

அவள் கை நிற்கவில்லை. ஒரு வரிசை முழுக்கப் புரட்டி முடித்தாள்.

“எத்தினி வாட்டி வந்து நின்னாரு?”

“என்னைப் பாத்தது ஒரு தடவை. அப்புறம் ரெண்டு சனிக்கிழமை.”

“மூணு வாட்டி” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா என்று நான் பார்க்கவில்லை.

கல்லை எடுத்து நீட்டினேன். “போட்டுக்கோக்கா.”

“எங்கன்னு போடறது?” மூக்கைத் தொட்டுக் காட்டினாள். துளை இருந்த இடத்தில் ஒரு சின்ன வடு. “முகத்துவாரமே கோடையில மண்ணு மூடிக்குது. மூக்கு மூடாதா?” சிரிக்கப் பார்த்தாள்.

பிறகு, “அந்தக் கண்ணாடி இருக்குதாடீ? குடு” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் லூப்பைக் கையில் வாங்கியதில்லை. கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இன்னொரு கையால் கல்லைக் கிட்டே கொண்டுவந்து, அசையாமல் வெகுநேரம் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லியே.”

ஓரத்தில் ஒரு ஊசிமுனை இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“ஆமாக்கா. ஒண்ணும் இல்ல.”

அவள் இன்னும் கண்ணாடியை இறக்கவில்லை. அப்படியே பேசினாள்.

“அன்னிக்கு அவங்கல்லாம் போனப்புறம் கழட்டி, வெந்நீர்ல சீயக்கா போட்டுக் கழுவினேன். அம்மா கல்லாச்சே, அழுக்கோட உங்கிட்ட குடுக்க மனசு வர்ல. கழுவிட்டு வெளிச்சத்துல பாத்தேன். கருப்பு இல்ல. பளிச்சினு இருந்துச்சி.”

“அப்பவே ஏன்க்கா சொல்லல?”

“நீ கண்ணாடி வச்சிப் பாத்த. ஆறுன்னு எண்ணிச் சொன்ன. எனக்கு இன்னா தெரியும்? எங்கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கும்போலனு நெனச்சிகினேன்.”

லூப்பை என் உள்ளங்கையில் வைத்தாள். கல்லையும் வைத்தாள். எழுந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு கடல் பக்கம் வானத்தைப் பார்த்தாள்.

“அப்போ எங்கண்ணு சரியாதான் பாத்துகீது” என்றாள்.

அடுத்த வரிசைக்குப் போய்க் குந்தினாள். லூப்பின் கண்ணாடியில் அவள் விரல் ரேகை எண்ணெயாகப் படிந்திருந்தது. பொன்னேரியில் ரயில் ஏறும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.